வாணவேடிக்கை தாங்கும் கம்ப்யூட்டர்

கடையைவிட்டு நின்ற பிறகும் எனக்கு ஒரு கெட்ட பழக்கம் போகவில்லை. யார் வீட்டுக்குப் போனாலும் அவர்கள் "வாங்கக்கா, உக்காருங்க" என்று சொல்லி முடிப்பதற்குள் என் கண் அந்த வீட்டுக் கம்ப்யூட்டரின் முதுகுப்பக்கம் போய்விடும். போன வாரம் காரியாபட்டியில் ஒரு வளைகாப்பு. வளையல் போட வரிசையில் நின்றவள், ஹாலில் இருந்த கேபினட்டில் ஒரு ஃபேனைத் திருப்பி மாட்டியிருப்பதைப் பார்த்துவிட்டேன். காற்றை வெளியே தள்ள வேண்டியது உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. அப்புறம் நான் வளையல் போட்டேனா, சந்தனம் பூசினேனா என்று கேட்டால் தெரியாது. ஸ்குரூ டிரைவர் கேட்டு வாங்கி ஃபேனைச் சரியாக மாட்டியது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. என் சம்பந்தியம்மா முறைத்த முறைப்பும் நினைவிருக்கிறது.

விருதுநகர் பஜாரில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் எனக்கு வயது போனது. கேமிங்குக்கும் வீடியோ எடிட்டிங்குக்கும் பாகம் பாகமாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்து மாட்டிக் கொடுப்பது என் வேலை. கண்ணில் புரை விழுந்து, மதர்போர்டு ஓரத்தில் இருக்கும் ஊசி முனைப் பின்கள் ரெண்டு ரெண்டாகத் தெரிய ஆரம்பித்ததும் நானே நின்றுகொண்டேன். ஆனால் கடைப் பிள்ளைகள் விடவில்லை. இப்போது வருகிற வாடிக்கையாளர்கள் செல்போனிடம் கேட்டு, அது சொன்ன பாகங்களை அப்படியே தாருங்கள் என்கிறார்களாம். "நீங்க எப்படிக்கா தேர்ந்தெடுத்தீங்க, எழுதிக் குடுங்க" என்று குரூப்பில் தினமும் நச்சரிப்பு. செல்போன்மேல் எனக்குப் பொறாமை இல்லை. அது சொல்கிற பாகங்கள் நன்றாகத்தான் இருக்கின்றன, நானே ரெண்டு மூன்று தடவை கேட்டுப் பார்த்தேன். அதற்குத் தெரியாத ஒரு ஊர் இருக்கிறது, அவ்வளவுதான். அந்த ஊருக்குப் போன ஒரு கம்ப்யூட்டரின் கதையைச் சொல்கிறேன். நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் தொழில் கற்ற கதை ஒரு மூச்சில் முடிந்துவிடும். டைப்பிங் முடித்தேன். சிவகாசியில் ஒரு பிரஸ்ஸில் கல்யாணப் பத்திரிகை அடித்துக் கொடுத்தேன். ஒருநாள் அங்கே கம்ப்யூட்டர் படுத்துக்கொண்டது, மெக்கானிக் வரவில்லை, பொறுமை இல்லாமல் நானே மூடியைக் கழற்றினேன். உள்ளே பார்த்ததும் எனக்குத் திருவிழாக் கடைவீதிக்குள் நுழைந்த மாதிரி ஆகிவிட்டது. அதற்கப்புறம் பத்திரிகை அடிக்க மனம் போகவில்லை. விருதுநகரில் அண்ணாச்சி கடை திறந்ததும் போய் வேலை கேட்டேன். "மூடியக் கழட்டத் தெரியும்ங்க. திரும்ப மாட்ட உங்ககிட்டக் கத்துக்கிடுதேன்" என்றேன். சிரித்துவிட்டார், சேர்த்துக்கொண்டார்.

அண்ணாச்சி வத்தல் மண்டி வைத்திருந்த குடும்பம். அவர் தாத்தா, அப்பா எல்லாரும் மிளகாய் வத்தலைக் கையில் எடுத்து ஒடித்து மோந்து பார்த்தே ரகம் சொல்கிறவர்கள். இவர் கம்ப்யூட்டர் பாகங்களையும் அதே மாதிரித்தான் வாங்கினார். கம்பெனி ஏஜெண்டு பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்து இறக்கினால் மேல் பெட்டியைத் தொடமாட்டார். "நடு மூட்டையப் பிரிங்க தம்பி" என்பார். அவருக்கு அட்டைப்பெட்டியும் மூட்டைதான். பிரித்ததும் மதர்போர்டை மூக்குக்கு நேரே பிடித்து ஒரு இழுப்பு இழுப்பார். ஏஜெண்டு பயந்துபோய் என்னைப் பார்ப்பான். நான் சுவரைப் பார்ப்பேன்.

வாடிக்கையாளரிடம் அவர் 'இல்லை', 'தப்பு', 'வேண்டாம்' என்ற மூன்று வார்த்தைகளையும் சொல்லி நான் கேட்டதில்லை. கேள்விதான் கேட்பார். முதல் கேள்வி, "என்ன வேலைக்கு?" அடுத்தது, "எங்கன வைக்கப் போறீக?" அதற்கப்புறம், "வீட்ல யார் யாரு தொடுவாக?" இந்த மூன்றுக்கும் பதில் வராமல் ஒரு ஸ்குரூவைக்கூட எடுத்துக் காட்டமாட்டார். பதில் வந்ததும் எஸ்.எம்.பி.எஸ்ஸில் ஆரம்பிப்பார். அது மொத்த கம்ப்யூட்டருக்கும் கரண்டைப் பிரித்துக் கொடுக்கிற பெட்டி. எல்லாரும் பிராசசரில் ஆரம்பிப்பார்கள், கிராஃபிக்ஸ் கார்டில் ஆரம்பிப்பார்கள். இவர், "சோறு போடுறவன முதல்ல முடிவு பண்ணு பாக்கியம், சாப்பிடுறவக எம்புட்டுப் பேருன்னாலும் சமாளிச்சுக்கிடலாம்" என்பார்.

மாட்டி முடித்த கம்ப்யூட்டரை ஒரு முழு நாள் முழுச் சுமையில் ஓடவிட்டுச் சோதிப்பது எங்கள் வழக்கம். அதற்கு ஊரில் எல்லோரும் இங்கிலீஷில் ஒரு பேர் வைத்திருக்கிறார்கள். அண்ணாச்சி வைத்த பேர், காயப்போடுவது. களத்தில் வத்தல் காயப்போடுகிற மாதிரி. "அந்தப் பிரஸ்காரர் மிஷின் காஞ்சிருச்சா?" என்று அவர் கேட்பதைப் புதிதாக வந்தவர்கள் கேட்டுக் குழம்புவார்கள். காயாத சரக்கு கடை வாசலைத் தாண்டாது.

சிவகாசிப் பக்கம் போன் பேசுவதற்குத் தனிச் சட்டமே வைத்திருந்தார். அங்கே பட்டாசு ஆபீஸ்களிலிருந்து யார் கூப்பிட்டாலும் 'எரிஞ்சிருச்சு', 'வெடிச்சிருச்சு', 'புகையுது' என்று வாயில் வரக்கூடாது. 'படுத்துருச்சு' என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு தடவை புதுப் பையன் ஒருவன் ஸ்பீக்கர் போனில், "சார், உங்க மதர்போர்டு புகைஞ்சிருக்கு" என்று சொல்லிவிட்டான். அந்த மதர்போர்டு எங்கள் மேசையில் இருந்தது, அவர்கள் ஊரில்கூட இல்லை. ஆனால் அந்த ஆபீஸ் மொத்தமும் எழுந்து ரோட்டுக்கு வந்துவிட்டதாகப் பிறகு தெரிந்தது. கணக்கப்பிள்ளை செருப்பை விட்டுவிட்டு ஓடியிருக்கிறார்.

இனி அந்தக் கம்ப்யூட்டர். ஒரு வைகாசி மாதம் சிவகாசியிலிருந்து ஒரு பட்டாசு முதலாளி பிள்ளைகளோடு கடைக்கு வந்தார். மகள் நிவேதா, படிப்பை முடித்துவிட்டு வீடியோ எடிட்டிங் செய்கிறவள். மகன் பிரவீன், காலேஜில் படிக்கிறான் என்று சொன்னார்கள், கேம் ஆடுகிறான் என்று பார்த்ததும் தெரிந்தது. அப்பா வாங்கித் தருவது ஒரே ஒரு கம்ப்யூட்டர். அதில் அக்கா எடிட் செய்ய வேண்டும், தம்பி ஆட வேண்டும். கடைக்குள் நுழையும்போதே சண்டையோடுதான் நுழைந்தார்கள்.

"என்ன வேலைக்கு?" என்றார் அண்ணாச்சி.

"எடிட்டிங்" என்றாள் அவள். "கேமிங்" என்றான் இவன்.

"ரெண்டையும் விடுங்க" என்றார் முதலாளி. "பாக்க நல்லா இருக்கணும்."

எனக்கு அப்போதே உற்சாகம் தாங்கவில்லை. இப்படி மூன்று திசைக்கு இழுக்கிற ஆர்டர் வருஷத்துக்கு ஒன்றுதான் வரும். முதலாளி பாகங்களைப் பார்த்தவிதம் அதைவிட வேடிக்கை. அவருக்குத் தெரிந்த சாமான் தேர்வு, தீபாவளி கிஃப்ட் பாக்ஸ். சங்குசக்கரத்தில் ஒன்று, புஸ்வாணத்தில் ஒன்று, சாட்டையில் ஒன்று என்று ஒவ்வொன்றிலும் பெட்டி பெரிதாக, படம் பளிச்சென்று இருப்பதை எடுத்து நிரப்ப வேண்டும். மூடியைத் திறந்தால் அயிட்டம் நிறைய தெரிய வேண்டும். அதே கணக்கில் எங்கள் அலமாரியைப் பார்த்து, "இந்த டிராகன் படம் போட்டது ஒண்ணு. அந்த மஞ்சப் பெட்டி ஒண்ணு. அந்தக் குட்டிப் பெட்டி என்ன? சரி, அதுவும் ஒண்ணு" என்று அடுக்கிக்கொண்டே போனார். டிராகன் படம் போட்ட மதர்போர்டில் மஞ்சள் பெட்டி பிராசசர் உட்காரவே உட்காராது. குட்டிப் பெட்டி, லேப்டாப்புக்குப் போடுகிற ரேம்.

அண்ணாச்சி 'வேண்டாம்' சொல்லவில்லை. நாற்காலி போட்டு உட்காரவைத்து, கேட்டார். "முதலாளி, நம்ம நூத்திருபது ஷாட்ல ஒவ்வொரு குழாய்க்கும் தனித் திரி வைப்பீகளா, ஒண்ணோட ஒண்ணு சேத்துக் கட்டுவீகளா?"

"சேத்துத்தான். இல்லேன்னா எப்படி வரிசையாப் போகும்?"

"இதுவும் அப்படித்தான்."

முதலாளி கையிலிருந்த குட்டிப் பெட்டியை மெதுவாகத் திரும்ப வைத்தார். அதற்கப்புறம் எங்களுக்கு வேலை சுலபமாகிவிட்டது. எஸ்.எம்.பி.எஸ்ஸில் மட்டும் அவருக்கு ஆசை அடங்கவில்லை. கலர் கலராக விளக்கு எரிகிற ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு விடவே மாட்டேன் என்றார். அண்ணாச்சி பக்கத்தில் இருந்த கறுத்த, அழகில்லாத ஒன்றை எடுத்து அவருடைய இன்னொரு கையில் வைத்தார். "ரெண்டையும் தூக்கிப் பாருங்க." முதலாளி தூக்கினார். விளக்குப் பெட்டி தக்கையாக மேலே வந்தது. கறுப்பு, கையைக் கீழே இழுத்தது. அவர் முகம் தொழில்காரர் முகமாக மாறியது. "இதுல மருந்து கம்மி" என்று சொல்லி விளக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவரை நான் அந்த இடத்தில்தான் ரசிக்க ஆரம்பித்தேன்.

பிள்ளைகள் சண்டையை நான் எடுத்துக்கொண்டேன். நிவேதாவுக்கு ரேம் அதிகம் வேண்டும், ஏனென்றால் அவள் ஒரே நேரத்தில் பெரிய பெரிய வீடியோக்களைத் திறந்து வைத்து வெட்டுவாள். பிரவீனுக்குக் கிராஃபிக்ஸ் கார்டு வலுவாக வேண்டும். அந்தக் கார்டில் மெமரி தாராளமாக இருந்தால் அவளுக்கும் உதவும் என்று விளக்கினேன். அங்கே ரெண்டு பேரும் முதல்முறையாக ஒத்துப்போனார்கள். மானிட்டரில் திரும்ப மோதல். அவனுக்கு வேகம், அவளுக்கு நிறம். "சிவப்பு சிவப்பா தெரியலேன்னா நான் எதுக்குடா எடிட் பண்ணணும்?" "எதிரி வந்து சுட்ட பெறகு சிவப்பாத் தெரிஞ்சா எனக்கென்ன?" கடைசியில் பெரிய மானிட்டர் நிறத்துக்கு, சின்னது வேகத்துக்கு என்று ரெண்டாக வைத்தேன். எடிட் செய்யும்போது சின்னதும் அவளுக்கு உதவும். வீடியோ ஏற்ற எஸ்.எஸ்.டி என்கிற வேகமான டிஸ்க் ஒன்று தனி, கேமுக்கு ஒன்று தனி, பழைய வீடியோக்களைப் போட்டுவைக்கப் பெரிய ஹார்டு டிஸ்க். சொத்துப் பிரிவினைக்குக்கூட இவ்வளவு நேரம் ஆகியிருக்காது. எனக்கோ முடிந்துவிட்டதே என்றிருந்தது.

முதலாளியின் ஆசைக்காகக் கண்ணாடிக் கேபினட்டும் விளக்கு ஃபேன்களும் கொடுத்தோம். போட்டுக் காட்டினேன். அவர் கைகட்டி நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். "சிவப்பு நல்லா வந்திருக்கு. பச்ச கொஞ்சம் வெளுப்பு அடிக்குது" என்றார். அப்புறம் சந்தேகமாக, "எம்புட்டு நேரம் நிக்கும்?" என்று கேட்டார்.

"நிறுத்துற வரைக்கும் எரியும் முதலாளி."

"அப்ப நம்ம தொழிலு?" என்றார். கடையே சிரித்தது.

எங்கன வைப்பீர்கள் என்பதற்கு, ஊருக்குள் இருக்கும் வீட்டு மாடியில், ஆபீஸ் ரூமில் என்று பதில் வந்தது. பட்டாசுக் கம்பெனி ஊருக்கு வெளியே காட்டுக்குள் இருக்கிறது, வீட்டில் மருந்துத் தூசி கிடையாது. அதையும் கேட்டுக்கொண்டோம். கம்ப்யூட்டர் காய்ந்தது, போனது, நானே போய் வைத்துவிட்டு வந்தேன்.

ஆனி மாதம் ஒரு புதன்கிழமை நிவேதாவிடமிருந்து போன். 

"அக்கா, மிஷின் படுத்துருச்சு."

அவளுக்கும் எங்கள் சட்டம் தெரிந்திருக்கிறதே என்று எனக்கு ஒரு நிமிஷம் பெருமை. பிறகுதான் விஷயம் உறைத்தது. சனிக்கிழமை அவர்கள் கம்பெனியின் டீலர்கள் கூட்டம். அந்த வருஷத்துப் புது அயிட்டங்களை டீலர்களுக்குப் படமாகப் போட்டுக் காட்டுவார்கள், அதைப் பார்த்துத்தான் சீசன் ஆர்டர் விழும். வழக்கமாக மதுரையில் ஒரு ஸ்டுடியோ எடுத்துக் கொடுக்கும். இந்த வருஷம் நான் செய்கிறேன் என்று நிவேதா அப்பாவிடம் சண்டைபோட்டு வாங்கியிருக்கிறாள். சாயங்கால வெடிப்பு ஒத்திகைகளுக்கு எல்லாம் போய், தானே படம்பிடித்து, வெட்டி ஒட்டி முடித்துவிட்டாள். கடைசியில் துண்டுகளையெல்லாம் சேர்த்து ஒரே படமாகக் கம்ப்யூட்டர் எழுதி எடுக்கும்போது, முடிவில் நூறு ஷாட்டும் சேர்ந்து எழும்புகிற இடம் வந்ததும் கம்ப்யூட்டர் தானாக அணைந்துவிடுகிறது. திரும்பத் திரும்பச் செய்தாலும் அதே கட்டத்தில்தான் அணைகிறது. போன மாதம் சித்தி மகள் கல்யாண வீடியோ ரெண்டு மணி நேரப் படம், கோளாறில்லாமல் வந்தது.

"அப்பா என்ன சொல்லுதாக?"

"வெள்ளிக்கிழமைக்குள்ள படம் வரலேன்னா மதுரக்காரகட்ட குடுத்துருவாகளாம். கம்ப்யூட்டர் தம்பிக்காம்."  பின்னால் பிரவீன், "நான் ஒண்ணும் கேக்கலப்பா" என்று சொல்வது கேட்டது. அந்தக் குரலில் துக்கம் கொஞ்சமும் இல்லை.

அண்ணாச்சியிடம் சொன்னேன். "கல்யாண வீடியோ தாங்கினது வாணவேடிக்கை தாங்கலையா?" என்று யோசித்தார். காரணம் இருக்கிறது. கல்யாண வீடியோவில் மாப்பிள்ளை தலை அசையும், பெண் தலை குனியும், பின்னால் மண்டபச் சுவர் அப்படியே நிற்கும். அசைந்ததை மட்டும் கம்ப்யூட்டர் கவனித்தால் போதும். வாணவேடிக்கையில் ஒரு பொறி இருந்த இடத்தில் அடுத்த கணம் இருக்காது. வானம் முழுக்கப் புதுசு புதுசாக எழுத வேண்டும். கம்ப்யூட்டருக்கு இதைவிட முதுகொடிகிற வேலை கிடையாது. சரி, முதுகொடியட்டும், அதற்காகத்தானே அவ்வளவு கனமான எஸ்.எம்.பி.எஸ்ஸும் கூலரும் போட்டோம்? ஒரு நாள் முழுக்கக் காய்ந்த சரக்காயிற்றே என்று எனக்கு மனசு அடித்துக்கொண்டது. பையில் ஒரு எஸ்.எம்.பி.எஸ், கூலர், அதற்குச் சூடு கடத்துகிற பேஸ்ட் எல்லாம் போட்டுக்கொண்டு வியாழக்கிழமை காலையில் பஸ் ஏறினேன்.

மாடி ரூமுக்குள் நுழைந்து கேபினட்டைத் தேடினேன். காணவில்லை. மேசையில் அது இருக்க வேண்டிய இடத்தில் பெரிய பட்டாசுப் பெட்டி ஒன்று இருந்தது. மயில் படம், ஜிகினா எழுத்து, ஓரத்தில் ரோஸ் கலர் பூ.

"கம்ப்யூட்டர் எங்க தாயி?"

"அதான்க்கா" என்று பெட்டியைக் காட்டினாள்.

கிட்டே போய்த் தொட்டேன். கை சுட்டது. எங்கள் கண்ணாடிக் கேபினட்டேதான். லேபிள் காகிதத்தால் நான்கு பக்கமும் சுற்றி, ஒவ்வொரு மூலையையும் மடித்து, பேக்கிங் டேப் போட்டு ஒட்டியிருந்தார்கள். காற்றுப்போகிற ஒரு துவாரம் விடவில்லை. மேலே, கீழே, பின்னால், எல்லாம் அடைப்பு. ஒயர் வருகிற இடத்தில்கூடப் பஞ்சு வைத்து அடைத்திருந்தது. அவ்வளவு நேர்த்தியான பேக்கிங்கை நான் புதுப் பெட்டியில்கூடப் பார்த்ததில்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை, நாற்காலியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். நிவேதா பயந்துபோனாள்.

"போன்ல ஏம்மா இதச் சொல்லல?"

"இதுல சொல்ல என்னக்கா இருக்கு? எங்க வீட்ல எல்லாம் இப்படித்தான்."

கதவு வழியே பக்கத்து ஹாலைப் பார்த்தேன். நிஜம்தான். டிவியின் முதுகில் டேப். இன்வெர்ட்டர் பெட்டி முழுக்க டேப். ஃபிரிட்ஜின் பின்பக்கத்துக்குத் துணி உறை. அந்தப் பிள்ளை பிறந்ததிலிருந்து பார்த்து வளர்ந்தது இது. போன வாரம்தான் அப்பா கம்பெனியிலிருந்து பேக்கிங் அக்கா ரெண்டு பேரைக் கூட்டிவந்து ஒட்டச் சொன்னாராம். "அதுக்கப்புறம்தான் என் கேமும் திக்குச்சு, நான் நெட்டுதான் சரியில்லன்னு நெனச்சேன்" என்றான் பிரவீன்.

நான் ஒரு பக்கத்து டேப்பை நகத்தால் கிளப்பிப் பாதி உரித்திருப்பேன். "யாரு அதப் பிரிக்கது?" என்று வாசலில் சத்தம். முதலாளி நின்றார். கடையில் சிரித்த மனிதர் இல்லை அது.

"முதலாளி, அது மூச்சு விடணும். காத்துப் போகலேன்னா சூடாகி..."

"காத்துப் போனா பொறியும் வரும்ல?"

"இதுல பொறி வராது முதலாளி. இங்க மருந்தும் கெடையாதே."

"வராதுன்னுதான் எல்லாரும் சொல்லுவாக." அவர் குரலை உயர்த்தவில்லை. "ஒரு பொறி போதும்க்கா. நான் பாத்திருக்கேன். அந்தப் பொட்டிக்குப் பக்கத்துல நாள் பூரா எம்மவ உக்காருதா."

எனக்குச் சிரிப்பெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. டேப்பைப் பிடித்திருந்த கையை எடுத்துவிட்டேன்.  நிவேதா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் படம் வராவிட்டால் அவளுக்கு எல்லாம் போய்விடும். அப்படியிருந்தும் அப்பாவை எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு ரெண்டு பேருக்காகவும் மனசு வலித்தது.

வெளியே வந்து அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். முழுவதும் கேட்டார். சிரிக்கவில்லை. "அவுக சொல்லுறது அவுக தொழிலுக்குச் சரிதான் பாக்கியம்" என்றார்.  மண்டியில் விலை யோசிக்கிற மாதிரி மூச்சு மட்டும் கேட்டது. அப்புறம், "அவுக கம்பெனில சரக்கு ரூமுக்கு லைட்டு எங்கன போட்டிருக்காகன்னு மட்டும் கேளு. வேற ஒண்ணும் சொல்லாத" என்று வைத்துவிட்டார்.

உள்ளே போய் அப்படியே கேட்டேன்.

"ரூமுக்குள்ள எவனாவது லைட்டு போடுவானா?" என்றார் முதலாளி. "வெளிச் சுவத்துல போட்டு, கண்ணாடி வழியா வெளிச்சம் மட்டும்தான் உள்ள வரும். சுவிட்சும் வெளியதான்." சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். மயில் படத்தைப் பார்த்தார். மானிட்டரைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். "ஏக்கா, இந்தப் பொட்டியையும் படத்தையும் சேக்குற ஒயரு எம்புட்டு நீளம் கெடைக்கும்?"

"சுவத்தத் தாண்டுற அளவுக்குக் கெடைக்கும் முதலாளி."

"ஏலே பிரவீனு, கொத்தனாரக் கூப்பிடுலே."

அதற்கப்புறம் அந்த வீட்டில் நடந்தது திருவிழாதான். ரூமுக்கு அந்தப் பக்கம் மொட்டைமாடிக்குப் போகிற வழியில் கூரை போட்ட, கம்பி அடித்த ஒரு நடை இருந்தது. நல்ல காற்று. கொத்தனார் சுவரைத் துளைக்க, முதலாளி தூசி பறக்காமல் ஈரச்சாக்கைத் தானே பிடித்துக்கொண்டு நின்றார். பேக்கிங் அக்காமார் ரெண்டு பேரும் வந்து தாங்கள் ஒட்டியதைத் தாங்களே உரித்தார்கள். ஒருத்திக்கு மனசே இல்லை. "மூலை மடிப்பப் பாருங்கக்கா, ஒரு சுருக்கம் இருக்கா?" என்று என்னிடம் காட்டிக் காட்டி உரித்தாள். நீளமான ஒயர்களுக்கு பிரவீன் பைக்கில் மதுரைக்குப் பறந்தான். கம்ப்யூட்டர் தனக்கு வராது என்று தெரிந்தும் அவ்வளவு உற்சாகமாகப் போனானே என்று ஆச்சரியப்பட்டேன். காரணம் பிறகுதான் தெரிந்தது. மிஷின் வெளியே போய்விட்டால் ஃபேன் சத்தம் ரூமில் கேட்காது, அவன் ஆடுவது அப்பாவுக்குத் தெரியவே தெரியாது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் எல்லாம் மாட்டி முடிந்தது. நடைக்கதவுக்குப் பக்கத்தில் முதலாளி கம்பெனியில் இருக்கிற மாதிரியே ஒரு செப்புத் தகடு அடித்து, அதிலிருந்து மண்ணுக்குள் கம்பி இறக்கிவிட்டார். உடம்பில் இருக்கிற மின்சாரம் இறங்க, அதைத் தொட்டுவிட்டுத்தான் கேபினட்டைத் தொட வேண்டும். எங்கள் தொழிலுக்கும் அது நல்லதுதான் என்றேன். அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

நிவேதா உள்ளே உட்கார்ந்து பட்டனைத் தட்டினாள். நாங்கள் எல்லாரும் வெளியே கேபினட்டைச் சுற்றி நின்றோம். அவள் உள்ளேயிருந்து, "புஸ்வாணம் முடிஞ்சது... சக்கரம் முடிஞ்சது..." என்று சொல்லிக்கொண்டே வந்தாள். கடைசிக் கட்டம் நெருங்க நெருங்க ஃபேன்கள் வேகம் எடுத்தன. கண்ணாடி வழியே விளக்குகள் சுழன்றன. காற்றுப் போகிற பக்கத்தில் முதலாளி கையை நீட்டி, சூடு வெளியே வருகிறதா என்று பிடித்துப் பார்த்துக்கொண்டே நின்றார். "நூறு ஷாட்டு வந்துருச்சு" என்றாள் அவள். அப்புறம் சத்தமே இல்லை.  பேக்கிங் அக்கா இருக்கன்குடி மாரியம்மனைக் கூப்பிட்டாள்.

"முடிஞ்சிருச்சுக்கா."

நான் செய்தது எனக்கே நம்பமுடியவில்லை. பேக்கிங் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அந்த நடையில் ஒரு சுற்றுச் சுற்றினேன்.

சனிக்கிழமை என்னையும் வரச்சொல்லியிருந்தார்கள். வீட்டுக் கீழ்த்தளத்து ஹாலில் திரை கட்டி, ஜன்னல்களை மூடி, டீலர்களை உட்காரவைத்திருந்தார்கள். முதலாளி உட்காரவில்லை, பின்னால் சுவர் ஓரம் நின்றார். நான் பக்கத்தில். படம் ஆரம்பித்தது. திரையில் முதல் ஷாட் எழும்பியதும் எல்லார் தலையும் மேலே போனது. முதலாளி மட்டும் சட்டென்று கீழே பார்த்தார். டீலர்கள் காலடியில், நாற்காலிகளுக்கு நடுவில், கதவு ஓரத்தில் என்று அவர் கண் ஓடியது. எதைத் தேடுகிறார் என்று எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. வெடி மேலே போனால் பொறி எங்கே விழுகிறது, யார் பக்கத்தில் நிற்கிறார்கள் என்று பார்த்துப் பார்த்தே பழகிய கண். இங்கே தரையில் ஒன்றும் விழவில்லை. அவருக்குப் பார்க்க ஒன்றும் இல்லாமல் போனது. மெதுவாகத் தலையைத் தூக்கினார்.

கடைசி நூறு ஷாட்டும் சேர்ந்து திரை முழுக்க விரிந்தது. நிவேதா அதை மெதுவாக ஓடவிட்டிருந்தாள். ஒவ்வொரு பொறியும் பிரிந்து, வளைந்து, பச்சையாகி, வெள்ளியாகி இறங்கியது. முதலாளியின் வாய் லேசாகத் திறந்திருந்தது.

"இது நம்ம சரக்கா?" என்று என்னிடம் கேட்டார்.

"உங்க சரக்குத்தான் முதலாளி."

"பொழப்பு பூரா இதத்தான் பண்ணுதேன்க்கா. ஒருக்கா கூட மேல பாத்ததில்ல."

படம் முடிந்தது. விளக்கைப் போட்டார்கள். டீலர்கள் கைதட்டிக்கொண்டே ஆர்டர் கொடுக்க எழுந்தார்கள். முதலாளி வேகமாக முன்னால் போய், "ஆர்டரு எங்கயும் போயிராது, கொஞ்சம் உக்காருங்க" என்று எல்லாரையும் உட்காரவைத்தார். பிறகு முதல் வரிசையில் தனக்கென்று ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு, அவரும் உட்கார்ந்தார்.

"தாயி, லைட்ட அமத்திட்டு இன்னொருக்கா போடு" என்றார். "அப்பா இப்பத்தான் பாக்கேன்."